தறிக்குழியில் பெட்ரோல்

எங்கள் வீடு சேவூரில், ஒரு வண்டி வந்தால் எதிரில் வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய தெருவில் இருக்கிறது. தெருக்கதவைத் திறந்தால் நடை. நடை முடிந்ததும் கூடம். கூடத்தில் தறி. தறியைத் தாண்டினால் சமையலறை, அதற்குப் பின்னால் துணி துவைக்க நான்கடி இடம். உள்ளே வரவும் வெளியே போகவும் அந்த ஒரு நடைதான். அந்த நடையில் ஒரு வருடமாக ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

வண்டி என் கணவரின் அண்ணனுடையது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்பு எங்கள் வீட்டுத் தறியில் அவர்தான் பன்னிரண்டு வருடம் நெய்தார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த சில மாதங்களில் மஸ்கட்டுக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். வந்தால் அந்த வண்டிதான் அவருக்கு எல்லாம். காலையில் துடைப்பார். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு போய் எங்காவது ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் துடைப்பார்.

ஒரு முறை சாவியை எங்களிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார். என் கணவர் அந்த வண்டியில் போளூர் சந்தைக்குப் போனார். வரும் வழியில் மாடு குறுக்கே வந்ததால் விழுந்தார். இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, வண்டிக்குக் கண்ணாடி போய் டேங்க்கில் ஒரு சொட்டை. அண்ணன் லீவில் வந்தபோது ஒரு வார்த்தை திட்டவில்லை. சொட்டையை விரலால் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் திரும்பிப் போகும்போது வண்டியை நடையில் ஏற்றி, ஹேண்டிலை இடது பக்கம் திருப்பிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். டேங்க் மூடிக்கும் அதே சாவி. டேங்க் காலியாக இருந்தால் உள்ளே துரு பிடிக்கும் என்று யாரோ சொன்னதால் முந்தின நாள் கழுத்துவரை பெட்ரோலும் போட்டிருந்தார்.

திருப்பிப் பூட்டிய ஹேண்டில் நடையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. நாங்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் போய் வந்தோம். என் கணவர் இதைப் பற்றி அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை உடைத்த கூச்சம் அவருக்கு. நான் கேட்பது என்ற பேச்சே இல்லை. எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாரிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை. அவர் வந்தால் எழுந்து நிற்பேன். சாப்பாடு தயாராக இருந்தால் என் மகளிடம், “பெரியப்பாவுக்கு எல வெச்சாச்சுன்னு சொல்லு” என்பேன். அவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். மகள் படிக்க வேலூருக்கு ஹாஸ்டல் போன பிறகு, சோற்றுப் பானையைப் பார்த்து, “சாப்பாடு வெச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். இப்போது நிறைய வீடுகளில் இதெல்லாம் இல்லை. எனக்கு இந்த வழக்கம் சௌகரியமாகத்தான் இருந்தது. வழக்கம் இல்லாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்திலும் பத்து வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கியவள் நான்.

என் கணவர் செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வரும். உள்ளே போகும்போது செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இருட்டிய பிறகுதான் திருப்பிக் கொடுப்பார்கள். பகல் முழுக்க நானும் தறியும் வண்டியும்தான்.

அப்போது தறியில் ஒரு முகூர்த்தப் புடவை இருந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. எங்கள் முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுப்பார், நாங்கள் நெய்து கொடுப்போம். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்தான் பாவு. அந்தப் பாவில் அது கடைசிப் புடவை. “பொண்ணு வீட்டுக்காரங்க ரெண்டு தபா வந்து கேட்டுட்டாங்க. சனிக்கெழம அறுத்து எடுத்துகினு வந்துடும்மா” என்று சொல்லியிருந்தார். அதைச் சரியாகக் கொடுத்தால்தான் அடுத்த பாவு வரும். பட்டு எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும்போது எங்கள் வீட்டில் கருவாடு வறுக்க மாட்டோம். ஊதுவத்தியைக்கூடச் சமையலறையில்தான் ஏற்றுவோம்.

அந்த வாரம் திங்கட்கிழமை முதல் ஏதோ ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது. சாய வாசனை என்று நினைத்தேன். என் கணவரிடம் கேட்டேன். அவர் கம்பெனியில் நாள் முழுக்க ரப்பரோடு இருப்பவர், மூக்கு செத்துப் போயிருந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியலயே” என்று தூங்கிவிட்டார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தறியில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் இறக்கினேன். எங்களுடையது குழித்தறி. தரையில் இடுப்பளவு பள்ளம் எடுத்து, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். மிதி சில்லென்று இருந்தது. பாதம் ஈரமானது, ஈரமான இடம் உடனே மரத்துப் போனது. குனிந்தபோது வாசனை முகத்தில் அடித்து, தலை சுற்றியது. பெட்ரோல்.

நடையிலிருந்து கூடத்துக்குத் தரை லேசாகச் சரிந்திருக்கும். வீடு கழுவுகிற தண்ணீர் குழியில் விழாமல் இருக்க ஓரத்தில் சின்னதாக ஒரு சிமெண்ட் வரப்பு உண்டு. அதில் ஒரு இடம் பெயர்ந்திருந்தது. வண்டியின் கீழிருந்து ஒரு ஈரக்கோடு நேராக அந்த இடத்துக்கு வந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. டேங்க்கின் அடியில் கையை விட்டுத் தடவினேன். மடிப்பு ஓரத்தில், இஞ்சினுக்கு மேலே, விரல் நனைந்தது. ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. பத்து எண்ணுவதற்குள் இன்னொன்று.

நின்று யோசித்தேன். புடவை பாதிக்கு மேல் முடிந்து, நெய்த பகுதி மரத்தில் சுற்றி, குழிக்கு நேர் மேலே இருந்தது. கீழே பெட்ரோல் நாற்றம் எழும்பினால் நேராக அதில்தான் போய் ஏறும். தறியில் ஏறிய புடவையை நடுவில் இறக்க முடியாது, இறக்கினால் துண்டுத் துணி. தறியை நகர்த்த முடியாது, அது தரையோடு கட்டியது. வண்டியை நகர்த்த முடியாது, சாவி மஸ்கட்டில். மூடியைத் திறந்து பெட்ரோலை எடுக்கவும் அதே சாவி. என் கணவரை இருட்டும்வரை கூப்பிட முடியாது. அடுப்புப் பற்ற வைக்கப் பயமாக இருந்தது. சோறு வடிக்காமல் கேஸை மூடினேன்.

பெட்ரோல் ஒழுகினால் சோப்பை அழுத்தித் தேய்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். துணி சோப்பை எடுத்து வந்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் நின்றது, பிறகு சோப்பின் ஓரமாகக் கசிந்தது. ஓட்டையை அடைக்க ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் எது கிழிந்தாலும் கை தானாகப் போவது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்கு. அறுந்த பட்டு நூல்களைச் சுருட்டி அதில் போட்டு வைப்போம். அதிலிருந்து ஒரு கொத்து எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி, ஊசி மாதிரி கூராக்கி, ஓட்டைக்குள் திருகினேன். மேலே சோப்பை அப்பினேன். சொட்டு நின்றது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்று செய்யாமல் விட்டேன். முறுக்கிய நூலின் மிச்சத்தை நறுக்கவில்லை. எங்களில் யாரும் நூலை ஒட்ட நறுக்க மாட்டோம். பிறகு முடிச்சுப் போட நுனி வேண்டும் என்று ஒரு சாண் விட்டு வைப்போம். கை பழகிவிட்டது. டேங்க்கின் அடியிலும் அப்படியே ஒரு சாண் விட்டுவிட்டு, குழியைக் கந்தல் துணியால் துடைத்து, தறியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் நெய்திருப்பேன். மறுபடி பாதம் குளிர்ந்தது. இந்த முறை இன்னும் அதிகமாக.

எழுந்து போய்ப் பார்த்தேன். நூல் வழியாகப் பெட்ரோல் விளக்குத் திரியில் ஏறுகிற எண்ணெய் மாதிரி இறங்கி வந்துகொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை, நுனியிலிருந்து மெல்லிய கோடாகவே. பதறிப்போய் நூலைப் பிடித்து இழுத்தேன். அது துருவோடு சேர்ந்து பாதி வந்தது. ஓட்டை பெரிதாகிவிட்டது. கையில் வழிந்தது. உடனே கட்டை விரலை வைத்து அழுத்தினேன்.

அப்படியே மாட்டிக்கொண்டேன்.

விரலை எடுத்தால் தரையில் ஓடும். தரையில் ஓடினால் குழி. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் முட்டி போட்டு, ஒரு கையை டேங்க்குக்கு அடியில் கொடுத்து, முகத்தைச் சீட்டில் சாய்த்துக்கொண்டிருந்தேன். கந்தல் துணி தறிக்குப் பக்கத்தில் கிடந்தது, நாலு எட்டு தூரம். செல்போன் ஜன்னலில் இருந்தது. விரலைத் தாண்டிக் கசிந்தது முழங்கை வரை வந்து ரவிக்கையில் ஊறியது. தோல் எரிந்தது, பிறகு எரிவதும் தெரியவில்லை. சீட்டில் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார் மூத்தார். மூச்சு விட்டால் அது நனைந்தது.

தெருக்கதவு சாத்தியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் கேட்டது. தண்ணீர் கேன் வண்டி போனது. ஸ்கூல் வேன் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கீரை விற்கிற அம்மா எங்கள் கதவருகே நின்று, “கீரகீர, மொளக்கீர, சிறுகீர” என்று இரண்டு முறை சொன்னார். என்னைத் தெரிந்தவர். ஒரு குரல் கொடுத்தால் போதும். கதவைத் தள்ளினால் திறந்துகொள்ளும். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். கூப்பிட்டால் தெருவே வந்துவிடும், நான் இப்படி முட்டி போட்டுக் கிடப்பதைப் பார்ப்பார்கள், மூத்தார் வண்டியைக் கெடுத்துவிட்டாள் என்று பேச்சு வரும். அதற்குள் கீரைக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்து யார் வந்தாலும் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்து ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டே போனார். அவரையும் கூப்பிடவில்லை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கதவைக் காலால் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா வந்தார். எனக்குத் தார் சுற்றிக் கொடுப்பவர் அவர்தான், அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் கண்டு. தட்டு நிறையத் தாரோடு வந்தவர் மூக்கைச் சுளித்தார்.

“இன்னாடி இது, பெட்ரோல் பங்க்குல தறி போட்டுகினு கீற?” என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார். “அங்க இன்னா பண்றே, வண்டிக்கி மாலிஷா?”

“அக்கா, விரல எடுக்க முடியல.”

“எவ்ளோ நேரமா?”

“கீரக்காரம்மா வந்தாங்களே, அதுக்கு முன்னாடிலருந்து.”

“அவங்க என் வீட்லயும் குடுத்துட்டு, நான் ஆஞ்சிகூட முடிச்சிட்டேன். வாயில இன்னா கொழுக்கட்டயா வெச்சிருந்த?”

திட்டிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கொண்டு வந்து டேங்க்குக்குக் கீழே வைத்தார். நான் விரலை எடுத்தேன். கட்டை விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பக்கெட்டில் விழுகிற சத்தம் கேட்டது. அரை பக்கெட் நிறைந்தால் அதை எங்கே கொண்டு போய் ஊற்றுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அக்கா மெயின் ரோட்டுக்குப் போய் மெக்கானிக்கை அழைத்து வந்தார்.

மெக்கானிக் எங்கள் வயதுக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “சுவிச்சு எதுவும் போடாதீங்க, எடுக்காதீங்க” என்றார். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அடியிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

“இது இன்னா, பஞ்சா?”

“பட்டு நூலு” என்றார் அக்கா.

“பட்டா? நான் முப்பது வருசமா வண்டி பாக்கறேன், பட்டு கட்டிகினு நிக்கற வண்டிய இப்பதான் பாக்கறேன்.” அவர் சிரிக்கவில்லை, அக்காதான் சிரித்தார். “நூல உட்டா அதப் புடிச்சிகினு எறங்காம இன்னா பண்ணும்? தண்ணி அடியில தங்கி டேங்க்கு உள்ளாற துரு தின்னுகினு கீது. ஒரு ஓட்ட இல்லம்மா, பக்கத்துலயே இன்னொண்ணு கண்ணு தொறக்குது. டேங்க்கக் கழட்டிடணும். சீட்டு போல்ட்டு, டேங்க் போல்ட்டு, அவ்ளோதான். சாவி வேணாம். அர மணி நேர வேல.”

“பின்ன கழட்டு” என்றார் அக்கா.

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “கழட்ட மாட்டேன். இது யார் வண்டின்னு எனக்குத் தெரியும். ஒடஞ்ச கண்ணாடிய மாத்திக் குடுத்தது நான்தான். லீவுக்கு வந்தவரு, வேற கம்பெனி கண்ணாடி போட்டுட்டேன்னு நடு ரோட்டுல நிக்க வெச்சு அர மணி நேரம் கேட்டாரு. எனக்கு அந்தப் பேஜாரு வேணாம். அவரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், ஜல்தியா முடிச்சிடறேன்.”

“அவரு தம்பி ராத்திரி வந்து சொல்லுவாரு.”

“ராத்திரி வரிக்கும் இந்த வீட்ல யாரும் இருக்கக் கூடாதுக்கா. நான் சொல்லிட்டேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். மூத்தார் நம்பர் என் செல்போனில் இருந்தது. அவசரத்துக்கு என்று என் கணவர் போட்டுக் கொடுத்தது. ஒரு முறையும் அழுத்தியதில்லை. “நீ போட்டுக் குடு, நான் பேசறேன்” என்றார் அக்கா. செல்போனை எடுத்துக்கொண்டு மூவரும் தெருவுக்கு வந்தோம். நான் அழுத்தினேன். இரண்டு மணி அடிப்பதற்குள் அக்காவிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே அவர் எடுத்துவிட்டார்.

“என்னம்மா? தம்பிக்கு என்ன?”

நான் அக்காவைப் பார்த்தேன்.

“தம்பிக்கு என்னம்மா ஆச்சு? ஆஸ்பத்திரியா?” பின்னால் லாரி இரைகிற சத்தம் கேட்டது. ஒரு ஹாரன். பிறகு இரைச்சல் நின்றது. “சொல்லும்மா. உயிரோட கீறானா?”

அக்கா கையை நீட்டிக்கொண்டிருந்தார். கொடுத்திருப்பேன். ஆனால் இப்போது வேறு குரல் கேட்டால் அவர் என்ன நினைத்துக்கொள்வார் என்பது எனக்குப் புரிந்தது. பத்தொன்பது வருடமாகப் பேசாதவள் கூப்பிட்டிருக்கிறேன். நான் பேசாமல் நிற்கிற ஒவ்வொரு நொடியும் அங்கே அவருக்குத் தம்பி செத்துக்கொண்டிருந்தான்.

“அவரு நல்லா இருக்காருங்க மாமா. வேலைக்கிப் போயிருக்காரு.”

அந்தப் பக்கம் லாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

“வண்டி ஒழுகுதுங்க.”

“எந்த வண்டி?”

“உங்க வண்டிங்க. டேங்க்கு ஓட்டையாயிடுச்சு. பெட்ரோலு தறிக்குழியில எறங்குது. முகூர்த்தப் பொடவ தறியில இருக்குதுங்க.”

“லாரிய ஓரங்கட்டிட்டேம்மா” என்றார். “இரு.” தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. “மெக்கானிக் கீறானா பக்கத்துல? ஸ்பீக்கர் போடு.”

போட்டேன். “டேங்க்கக் கழட்டிக்கோ” என்றார். “எடுத்துகினு போயிடு. ஆனா ஹேண்டில் லாக்க ஒடைக்கக் கூடாது. நான் வந்துதான் தொறப்பேன். கேக்குதா?”

“கேக்குது சார். கண்ணாடியும் தொடல சார்” என்றார் மெக்கானிக்.

பெட்ரோலைக் கேனில் பிடித்துக்கொண்டு, டேங்க்கைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு அவர் போனார். அக்காவும் நானும் குழியை மூன்று முறை சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தோம். அன்று ராத்திரி என் கணவர் வந்ததும் அண்ணனிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, “ஒன் கொரலு இவ்ளோ சின்னதான்னு கேக்கறாரு” என்றார்.

வியாழனும் வெள்ளியும் கதவைத் திறந்து வைத்து நெய்தேன். சனிக்கிழமை அறுத்து மடித்தேன். முகர்ந்து பார்த்தேன். வாசனை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக அதிலேயே இருந்ததில் என் மூக்கும் செத்துப் போயிருந்தது. அக்கா முகர்ந்து, “இல்ல” என்றார். பிறகு இன்னொரு முறை முகர்ந்து, “இல்லன்னுதான் நெனைக்கிறேன்” என்றார்.

டவுன் பஸ்ஸில் முதலாளி வீட்டுக்குப் போனேன். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் புடவையைப் பிரித்தார். கரையைப் பார்த்தார், முந்தியைப் பார்த்தார். முந்தியை மூக்குக்கிட்டே கொண்டுபோய், “இன்னாம்மா, பொடவைய வண்டி பெட்டியில வெச்சு எடுத்துகினு வந்தியா?” என்றார்.

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். பெட்டியில் வந்த வாசனை அரை நாளில் போய்விடும் என்று அவரே விட்டிருப்பார். ஆனால் போகாவிட்டால் கல்யாண வீட்டில் போய்த் தெரியும்.

“இல்லீங்க. வீட்ல ஒரு வண்டி ஒழுகி, குழியில எறங்கிடுச்சுங்க.”

அவர் மனைவியைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். அந்தம்மா கையில் சாம்பார் கரண்டியோடு வந்து, “எனக்குப் பெருங்காய வாசனதான் வருது” என்று போய்விட்டார். முதலாளி புடவையை மாடியில் ஃபேனுக்குக் கீழே போடச் சொல்லி ஆளிடம் கொடுத்தார். “ரெண்டு நாள் பாக்கறேன். போகலன்னா திரும்பி ஒன்கிட்டதான் வரும். அப்பால நான் கல்யாண வீட்டுக்கு இன்னா பதில் சொல்றதுன்னு நீயே சொல்லு.”

அந்த இரண்டு நாளும் தறி காலியாக இருந்தது. காலித் தறி இருக்கிற கூடத்தில் எங்கே உட்காருவது என்றே எனக்குத் தெரியவில்லை. செல்போனை மடியிலேயே வைத்திருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார்.

“வாசன போயிடுச்சு. பொடவ அனுப்பியாச்சு.”

“சரிங்க.”

“பாவு ரெடியா கீது. ஆனா அந்த வண்டி வெளிய போச்சா?”

“டேங்க்கக் கழட்டியாச்சுங்க.”

“இன்னிக்கி கழட்டுவீங்க, நாளைக்கி அவரு லீவுல வந்து மாட்டி மறுபடி நெரப்புவாரு. வண்டியும் தறியும் ஒரே எடத்துல இருந்தா என் பட்டு அந்த வீட்டுக்கு வராதும்மா. வண்டி வெளிய போனதும் சொல்லு.”

என் கணவரிடம் சொன்னேன். “அண்ணன் வரட்டுமே” என்றார். அண்ணன் வர ஒரு வருடம் இருந்தது. “நீங்க ஒரு வார்த்த கேளுங்க” என்றேன். “ஏற்கனவே ஒரு தடவ கண்ணாடிய ஒடச்சேன். இப்ப லாக்க ஒடைக்கவான்னு எந்த மூஞ்சிய வெச்சுகினு கேக்கறது?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரும் பேசாதவர்தான். பேசாத இரண்டு பேர், நடுவில் டேங்க் இல்லாத ஒரு வண்டி.

மறுநாள் காலை பத்து மணிவரை மூத்தாருக்குப் போன் போடவில்லை. வீட்டைப் பெருக்கினேன், மறுபடி பெருக்கினேன். மெக்கானிக்கிடம் போய், இடம் இருக்கிறதா என்று கேட்டேன். கொட்டகையின் ஓரத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றார், லாக் விஷயம் மட்டும் மூத்தார் சொல்ல வேண்டும் என்று கூடவே வந்தார். வாசலில் நின்று மூத்தார் நம்பரை அழுத்தினேன்.

“சொல்லும்மா” என்றார். இந்த முறை பயம் இல்லை, ஆனால் காத்திருந்தார்.

“மாமா, தறி காலியா இருக்குங்க.”

“எத்தினி நாளா?”

“நாலு நாளா.”

“பாவு குடுக்கலியா?”

“வண்டி வெளிய போனாதான் குடுப்பேன்றாருங்க.”

அங்கே யாரோ டயரைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து தட்டு கேட்டது.

“எங்க நிறுத்துவீங்க?”

“மெக்கானிக் கொட்டாயில.”

“வெயில் படுமா?”

படாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. “பாதி நாளு படும்னு சொன்னாருங்க” என்றேன்.

“நான் போட்ட சீட் கவரு?”

“கிழியாம இருக்குங்க.”

மறுபடி தட்டுகிற சத்தம். “சரி. லாக்க ஒடச்சிடச் சொல்லு. போன வெச்சிடாத, நான் லைன்லயே கீறேன்.”

மெக்கானிக் ஹேண்டிலின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உடம்பைச் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்தார். முதல் முறை வரவில்லை. இரண்டாவது முறை படக்கென்று ஒரு சத்தம். நான் செல்போனை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தேன். “ஆச்சு சார்” என்றார் மெக்கானிக். வண்டியைப் பின்னால் உருட்டி, படியில் பலகை போட்டுத் தெருவில் இறக்கினார். டேங்க் இருந்த இடத்தில் ஒயர்கள் தெரிந்தன.

செல்போனைக் காதில் வைத்தேன்.

“எறங்கிடுச்சா?” என்றார்.

“எறங்கிடுச்சுங்க. தள்ளிகினு போறாரு.”

“எங்க போகுது இப்போ?”

“அக்கா வீடு தாண்டுதுங்க. எதிர்ல சைக்கிள் வருது. நிக்கறாரு.”

“ஓரமாப் போகச் சொல்லு, செவுத்துல இடிக்கப் போறான்.”

“இடிக்கலீங்க. போறாரு. மொனைக்கு வந்துட்டாரு. மெயின் ரோட்டுல பஸ் போகுது, வழி உட்டு நிக்கறாரு.” இவ்வளவு பேச்சு நான் யாரிடமும் ஒரே மூச்சில் பேசியதில்லை. அவர் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. “இப்ப திரும்புதுங்க. பின் சக்கரம் மட்டும் தெரியுது. போயிடுச்சுங்க.”

“சரிம்மா” என்றார். “நீ போயி பாவு எடுத்துகினு வா.”